பாண்டியம்மாவின் போர்வைக்கு நான் வைத்த பார்டர்

"என்ன மாஸ்டர், போர்வைக்கு ஃப்ரில் வச்சுட்டீகளா?"

சபுராக்கா இதைக் கேட்டது பல வருஷத்துக்கு முன்னால், எங்கள் கடை வாசலில் நின்றுகொண்டு. மகளுக்குச் சுடிதார் தைக்கத் துணி கொடுக்க வந்தவர். வந்த வேலையை விட்டுவிட்டு வெட்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜை மேல் போர்வை விரித்துக் கிடந்தது. நடுவில் என் மனைவி பாண்டியம்மா நாலு வருஷமாக ஒட்டிச் சேர்த்த கட்டங்கள். சுற்றிலும் நான் அன்று காலையில் வைத்துத் தைத்த மெரூன் கலர் பார்டர். கட்டமெல்லாம் படிந்து கிடந்தது. பார்டர் மட்டும் பொரித்த அப்பளத்தின் ஓரம் மாதிரி ஏறி ஏறி இறங்கியது. ஒரு பக்கம் கையால் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழும்பியது.

கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பாண்டியம்மாவும் சிரித்தாள். அது ஒன்றும் கேலிச் சிரிப்பு இல்லை. சரி, பிரித்துவிட்டுத் திரும்ப வைத்தால் போச்சு என்கிற சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. எனக்குத்தான் மூக்கு மேலேயே கோபம் உட்கார்ந்திருக்குமே.

"நான் வச்ச பட்டி சரியாத்தான் இருக்கு. இவ ஒட்டுன லட்சணம் அப்படி. கோணக்கோணையா ஒட்டிக் குடுத்தா நான் என்னத்தப் பண்ண? ஏத்தா, கண்ணு என்ன அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

இந்தக் கடைசி வரியை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

சிரிச்ச கதை

போன வாரம் இந்தப் பத்தியில், தீபாவளி நெருக்கடியில் இரண்டு வீட்டு ரவிக்கைகள் மாறிப்போன கூத்தை எழுதியிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்ததாக நாலைந்து பேர் போன் பண்ணிச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகையைக் கொண்டுபோய்ப் பாண்டியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் எழுதுகிறதை எல்லாம் இப்போது நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

முழுசும் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீங்க சிரிச்ச கதையாப் பாத்துத்தான் எழுதுவீக" என்றாள்.

அவ்வளவுதான். எந்தக் கதையை நான் எழுதாமல் ஒளிக்கிறேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வாரம் ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் கடை போட்ட கதையை எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும்.

சபுராக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டுத் துணி அத்தனையும் எங்கள் கடையில்தான் தைக்க வரும். வாய் நிறையப் பேச்சு, மனசு நிறையப் பாசம். ஃப்ரில் என்று அவர் சொன்னது என்னைக் கிண்டல் பண்ணத்தான். அந்தக் கிண்டலை வாங்கிக்கொள்கிற தைரியம் எனக்கு இல்லை. அதை அப்படியே தூக்கிப் பாண்டியம்மா தலையில் போட்டுவிட்டேன். சபுராக்கா போன வருஷம் நோன்புக்கு முன்னால் தவறிப் போனார்.

ஃபால்ஸ் அடிக்கிற கை

நான் கம்பத்தில் பேர்பெற்றது ரவிக்கைக்கு. சோறு போட்டது என்னவோ சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிற வேலைதான். தை பிறந்து முகூர்த்தம் ஆரம்பித்தால் மேஜைக்கு மேலே சேலை, கீழே சேலை, பாண்டியம்மா மடியில் சேலை. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்கள் விடியக் காலையில் சேலையைப் போட்டுவிட்டுப் போய், சாயங்காலம் இறங்கும்போது வாங்கிக்கொண்டு போவார்கள். அவ்வளவு வேகம் என் கை.

ஃபால்ஸ் அடிக்க அளவே எடுக்க வேண்டாம். பட்டியின் ஒரு முனையைச் சேலை ஓரத்தில் வைத்து, மெஷினை மிதித்துக்கொண்டே போக வேண்டியதுதான். முடிகிற இடத்தில் கத்தரி. மிச்சத்தை வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது. உள்பாவாடைக்குக் கீழ்ப்பட்டி வைத்தாலும் அதே கதைதான். இன்ச் டேப்பை எடுத்து அளந்துகொண்டிருக்கிற தையல்காரனைப் பார்த்தால் எனக்கு இளக்காரமாக இருக்கும்.

அந்த இளக்காரத்துக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருந்தது. சேலைக்குத் தறியிலேயே ஓரம் கட்டி வந்துவிடுகிறது. இழுத்தாலும் அது நீளாது. அதனால்தான் என் வித்தை பலித்தது. ஒட்டுப் போர்வைக்கு அப்படி ஓரம் ஏது? நாலு பக்கமும் கத்தரி பட்ட ஓரம். எடுக்க வைக்க, மடிக்க விரிக்க, ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு நீண்டுகொண்டே போகும். இதெல்லாம் இப்போது தெரிந்து பேசுகிறேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் நான் மாஸ்டர் என்பது மட்டும்தான்.

கல்யாணப் பத்திரிகை அட்டை

வெட்டு மேஜைக்குக் கீழே ஒரு சாக்கு இருக்கும். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியெல்லாம் அதில்தான் விழும். நிறைந்தால் ஜீப் பட்டறைக்குப் போகும், கை துடைக்க. பாண்டியம்மா அதிலிருந்து பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கும் முன்னால் துணி கொடுத்தவர்களிடம் கேட்பாள். "அக்கா, இந்தப் பச்சையில ஒரு சாண் மிஞ்சிருக்கு. போர்வைக்கு எடுத்துக்கிறவா?" யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

எங்கள் மகள் சுதாவைக் கேரளா மலைப்பக்கம், ஏலத்தோட்ட ஊர் ஒன்றில்தான் கொடுப்பது என்று முன்னமே பேச்சு இருந்தது. "அங்கன குளிரு எலும்பு வரைக்கும் போகும். கடையில வாங்குற சீரெல்லாம் நீங்க செய்யுங்க. போர்வை மட்டும் என் கையால" என்றாள் பாண்டியம்மா. கல்யாணமாகி வந்து அத்தனை வருஷத்தில், இது என்னுடையது என்று அவள் சொல்லிக் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

கட்டம் வெட்ட, யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அட்டையை ஐந்தரை அங்குலச் சதுரமாக நறுக்கி வைத்திருந்தாள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஐந்து நிற்கும். வெட்ட வெட்ட அட்டையின் ஓரம் தேயும் அல்லவா? தேய்ந்ததை வைத்து அடுத்த அட்டையை வெட்ட மாட்டாள். முதல் அட்டையைத் தொடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு தடவையும் அதை வைத்துத்தான் புது அட்டை எடுப்பாள். இதை நான் கண்ணால் பார்த்தவன். பார்த்தும்தான் கோணல் என்றேன்.

குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே பதினைந்து. நூற்றெண்பது கட்டம். கொக்கி வைக்கிற வேலை, ஹெம்மிங் வேலை எல்லாம் முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிடைக்கிற அரை மணி நேரத்தில் ஒட்டியது. எந்தக் கட்டம் யாருடைய ரவிக்கை என்று கேட்டால் சொல்லுவாள். நடுவில் இருந்த ரோஸ் கலர், சபுராக்கா மகளின் பாவாடைத் துணி.

பார்டரை மட்டும் என்னிடம் கேட்டாள். அகலத்துணியை நேராக இழுத்து அடிக்க என் மெஷின்தான் தோது, என் கைதான் உறுதி என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"மஞ்சள்ல வைப்போமா?"

"மஞ்ச அழுக்குத் தின்னும். மெரூன் இருக்கு, அதுலயே அடிப்போம்."

"நீளத்தை அளந்து வெட்டிக்கிருவோமா?"

"இந்தா, எனக்கே தொழில் சொல்லித் தர்றியா?"

ஃபால்ஸ் அடிக்கிற மாதிரியே அடித்தேன். முனையை வைத்தேன், மிதித்தேன், முடிவில் கத்தரித்தேன். நாலு பக்கம் முடிய அரை மணி ஆகவில்லை. அப்புறம் நடந்ததுதான் முதலில் எழுதியது.

ரோஜாப்பூக் கம்பளி

திட்டி முடித்ததும் எனக்கே தொண்டை வறண்டது. டீக்கடைக்குப் போனேன். வேண்டுமென்றே இரண்டாவது டீ சொன்னேன். திரும்பி வரும்போது மேஜை காலி. போர்வையைக் காணோம். பாண்டியம்மா யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சபுராக்காவும் மற்றவர்களும் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் நாலு கத்து கத்திவிட்டு, ராத்திரி சமாதானமாகப் போயிருப்பேன். அவள் போடவில்லை. எப்போதும் போலச் சோறு போட்டாள், எப்போதும் போலக் கடைக்கு வந்தாள்.

சுதா கல்யாணத்துக்குச் சீர் கட்டினோம். கடையில் வாங்கிய கம்பளி, அதன் மேல் தாம்பாளம் அளவுக்கு ஒரு ரோஜாப்பூ. பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே சுதா கேட்டாள்.

"யம்மா, நீ ஒட்டுனியே, அது எங்க?"

"அது சரியா வரல ஆத்தா."

நான் இரண்டு எட்டுத் தள்ளி அண்டாவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. "அதெல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு, எடுத்து வை" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்கலாம். பார்டரைப் பிரித்துத் திரும்ப அடிக்க ஒரு மத்தியானம் போதும். கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பாவி, அந்தக் கயிறு அன்றைக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு அவள் ஒரு கட்டம்கூட ஒட்டவில்லை. சேர்த்து வைத்திருந்த மிச்சத் துண்டையெல்லாம் சாக்கோடு பட்டறைக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு நாள் பட்டறைப் பக்கம் போனேன். மெக்கானிக் ஒருத்தர் வெள்ளைப் புள்ளி போட்ட பச்சைத் துணியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அளவாக வெட்டிய சதுரம். பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

சர்க்கரை அவளுக்கு எப்போது வந்தது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. தெரியும்போது கண்ணுக்குப் போயிருந்தது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இருந்ததைக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்தார்கள். இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும். நிறம் தெரியாது, ஊசிக்காது தெரியாது. என் காதில் என்ன கேட்டுக்கொண்டே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கண்ணு என்ன அவிஞ்சா போச்சு ஒனக்கு. என் வாயால்தான் கண் போனது என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த வாயை வைத்துக்கொண்டுதான் அவளுக்கு நாள் தவறாமல் மாத்திரைப் பேரை வாசிக்கிறேன்.

குமுளிக்காரம்மா

போன கார்த்திகையில் குமுளியிலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். வெளியூர்க்காரர்களுக்கு வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவர். அவரே ஒட்டிய போர்வை ஒன்றை எடுத்து வந்திருந்தார். பார்டர் வைத்து, அடித்துணி கொடுத்து முடித்துத் தர வேண்டும்.

நான் வழக்கம்போலப் பட்டியின் முனையை எடுத்து ஓரத்தில் வைத்தேன். அந்தம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"அய்யோ சேட்டா, ஓரத்துல வச்சு வெட்ட வேண்டா! நடுவுல அளக்கணும்."

"பார்டர் ஓரத்துக்குத்தானேம்மா வைக்கிறோம்? நடுவுல அளந்து என்ன செய்ய?"

"ஓரம் நீண்டுபோயிருக்கும் சேட்டா. நடு நீளாது. நடுவோட அளவுக்குப் பட்டியை வெட்டி, ஓரத்தை அதுக்குள்ள அடக்கணும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாதாடினேன். அவர் வாதாடவில்லை. போர்வையை மடித்து, ஓரத்தைக் கொண்டுவந்து நடுவுக்கு மேல் போட்டார். ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு நீண்டு தொங்கியது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றுகிறதா, தண்ணி வேணுமா என்று அந்தம்மா கேட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்தேன். சாயங்காலம் எப்போதும் மூடுகிற நேரத்துக்கு முன்னாலேயே கடையை மூடினேன்.

பெட்டிக்குள் இருந்தது

பாண்டியம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் பெட்டியைத் திறந்தேன். போர்வை பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. மடிப்புக்குள் அந்த முதல் அட்டை, ஓரம் தேயாமல் அப்படியே.

டேப்பை எடுத்து நடுவில் போட்டேன். அறுபதரை அங்குலம். இன்னொரு வரிசையில் போட்டேன். அறுபதரை. பன்னிரண்டு ஐந்து அறுபது, இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் கால். நூல் பிசகவில்லை. ஒவ்வொரு வரிசையாக அளந்தேன். ஒரு கோணலாவது கிடைக்காதா என்று தேடித் தேடி அளந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிடைக்கவில்லை. என் மெரூன் பட்டி அடித்த ஓரம் மட்டும் அறுபத்திரண்டு.

மறுநாள் கடைக்குக் கொண்டுபோய் மெரூனைப் பிரித்தேன். என் தையல் பிரிக்கச் சிரமம், அத்தனை நெருக்கம். மஞ்சள் துணி வாங்கி வந்தேன். நடு அளவுக்கு வெட்டினேன். பட்டியையும் ஓரத்தையும் நாலாக மடித்துக் குறி வைத்து, குறிக்குக் குறி குண்டூசி குத்தி, உபரியாக நின்ற ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அடக்கினேன். நீளப் பக்கம் இரண்டும் முதலில். அப்புறம் திரும்பவும் நடுவில் அளந்து அகலப் பக்கம் இரண்டும். ஃபால்ஸ் அடிக்கிற வேகமெல்லாம் இல்லை. மூன்று நாள் ஆனது. மேஜையில் விரித்தேன். தண்ணீர் மாதிரி படிந்தது. அடியில் அவளுடைய பழைய பருத்திச் சேலையைக் கொடுத்து முடித்தேன்.

வீட்டுக்கு எடுத்துப்போய் அவள் மடியில் வைத்தேன். தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரம் முழுக்க விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். நாலு பக்கமும் சுற்றி, ஆரம்பித்த மூலைக்கே வந்து நிறுத்தினாள்.

"என்ன கலரு?"

"மஞ்ச."

கொஞ்ச நேரம் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தாள். எந்த மஞ்சள் என்று கேட்கவில்லை. நான் சொல்லியிருந்தாலும் அவளால் பார்க்க முடியாது.

"பாண்டி, தப்பு என்னோடது. நடுவுல அளந்திருக்கணும். நீ ஒட்டுனதுல ஒரு நூல் கோணல் இல்ல."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீங்க டீ குடிக்கப் போனீகள்ல, அப்பவே மடிச்சுப் பாத்தேன். ஓரம் நீண்டுக்கிட்டுத் தொங்குச்சு. சபுராக்காகூடப் பாத்தாக."

"நான் திரும்பி வந்ததும் சொல்லிருக்கலாமுல்ல?"

"எப்படிங்க சொல்ல? கடையில ஆளுக இருந்தாகளே."

நான் அவளைச் சொன்னபோதும் கடையில் அதே ஆட்கள்தான் இருந்தார்கள்.

அதனால்தான் இதை வீட்டுக்குள் பேசி முடித்துவிடாமல் இங்கே எழுதுகிறேன். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்களில் அன்று கடையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். பாண்டியம்மா ஒட்டியதில் கோணல் இல்லை. நான் வெட்டியதுதான் தப்பு. அவள் இன்னும் எத்தனையோ போர்வை ஒட்டியிருப்பாள். கண் இருந்த வருஷங்களில் ஒட்டியிருப்பாள். அதைக் கெடுத்தவன் நான்.

இதுவரைக்கும் எழுதியதை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். போர்வை அவள் பக்கத்தில்தான் கிடந்தது. சுதாவுக்குக் கொடுத்தனுப்பவா என்று கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சபுராக்கா இருந்திருந்தா படிச்சிருப்பாக. சரி, கால் குளுருது, அதை எடுத்துப் போத்தி விடுங்க."